வெளியிடத்தில் ஹாம் ரேடியோ: ஆன்டெனா தேர்வு முதல் கழற்றிச் சுற்றுவது வரை

ரிக் (ஹாம், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியில் பேசவும் கேட்கவும் உதவும் கருவி) கையில் வந்ததும் எந்த ஆன்டெனா வாங்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வாங்கியதைத் தோட்டத்திலோ மலையிலோ கொண்டுபோய் நிறுத்திய பிறகே, பக்கத்து மாவட்டத்துக்காரர் கூடக் கேட்கவில்லை என்பது தெரியவருகிறது. ஆன்டெனாவில் பெரும்பாலும் குற்றம் இருக்காது, வேலையை வரிசை மாற்றிச் செய்ததுதான் காரணம். இது 5 முதல் 100 வாட் வரை, முக்கியமாக 40, 20 மீட்டர் பேண்டுகளில் (அலைநீளத்தால் பெயர் பெற்ற அலைவரிசைப் பட்டைகள்; 40 என்றால் 7, 20 என்றால் 14 மெகாஹெர்ட்ஸ் அளவு) வெளியே போய் இயக்குபவர்களுக்காக எழுதியது. விஎச்எஃப் (2 மீட்டர் பேண்டு) பற்றிக் கடைசியில் கொஞ்சம் உண்டு.

1. எவ்வளவு தூரம் பேச வேண்டும்?

இதை முடிவு செய்யாமல் வேறு எதையும் முடிவு செய்ய முடியாது. ஆன்டெனாவின் உயரமும் வடிவமும் இதிலிருந்துதான் வருகின்றன.

பகலில் 500 கிலோமீட்டருக்குள், அதாவது சென்னை–மதுரை, கோவை–பெங்களூரு மாதிரியான தூரம் என்றால் 40 மீட்டர் பேண்டில், தரையிலிருந்து 5 முதல் 8 மீட்டர் உயரத்தில் கிடக்கும் வயர் போதும். தாழ்வாக இருக்கும் வயர் சிக்னலை ஏறத்தாழ நேர்மேலே அனுப்புகிறது. அது அயனி மண்டலத்தில் பட்டுக் குடை விரித்ததுபோலச் சுற்றுவட்டாரம் முழுவதும் இறங்குகிறது. நம் அட்சரேகையில் பகல் நேரத்தில் மேலடுக்கு 7 மெகாஹெர்ட்ஸைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அடர்த்தியாகவே இருப்பது வழக்கம். நள்ளிரவு தாண்டினால் அந்த அடர்த்தி குறையும். அப்போது அருகில் இருப்பவர்கள் மறைந்து தொலைவில் இருப்பவர்கள் கேட்பார்கள். ஆன்டெனா கெட்டுவிட்டதென்று அந்த நேரத்தில் வயரை வெட்டப் போகாதீர்கள்.

வெளிநாடுதான் குறி என்றால் 20, 15, 10 மீட்டர் பேண்டுகளுக்குப் போங்கள். அங்கே சிக்னல் தாழ்ந்த கோணத்தில் கிளம்ப வேண்டும். அதற்கு நிமிர்ந்து நிற்கும் வெர்ட்டிகல் வேண்டும், அல்லது கிடை வயரைக் குறைந்தது அரை அலைநீள உயரத்துக்கு ஏற்ற வேண்டும். 20 மீட்டருக்கு அது 10 மீட்டர் உயரம்.

2. இடம், அனுமதி, ஆபத்து

உரிமத்தின் நகலையும் அடையாள அட்டையையும் கூடவே வைத்திருங்கள். வேறு இடத்திலிருந்து இயக்குவது பற்றி உங்கள் உரிமத்தில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று கிளம்பும் முன் படித்துவிடுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். கடற்கரை என்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது நல்லது. நீளக் கம்பும் வயரும் ஒலிபெருக்கியில் அந்நியக் குரலுமாக உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

இடத்துக்குப் போனதும் முதலில் தலையை நிமிர்த்திப் பாருங்கள். கம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், வயர் எந்தப் பக்கம் அறுந்து பறந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள், இதில் சமரசமே கிடையாது.

ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகலிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலும் இடி சொல்லாமல் வரும். ரிசீவரில் சடசடவென்று வெடிப்புச் சத்தம் கூடிக்கொண்டே போனால் இடி நெருங்குகிறது என்று அர்த்தம். முதல் இடிச் சத்தம் காதில் விழும்வரை காத்திருக்காமல் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

3. நான்கு வகை, அவற்றின் தராதரம்

லிங்க் டைபோல்: நடுவில் ஒரு கம்பு, இரண்டு பக்கமும் சரியும் வயர், பேண்டுக்குப் பேண்டு கழற்றி மாட்டும் இணைப்புகள். இழப்பு மிகக் குறைவு, கட்டினால் கட்டியபடி வேலை செய்யும். பேண்டு மாற்ற ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் வயரை இறக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. கேபிள் நடுவில் தொங்குவதால் கம்பு கொஞ்சம் உறுதியாகவும் இருக்க வேண்டும்.

எண்ட்-ஃபெட் அரை அலை: ஒரு முனையில் டிரான்ஸ்ஃபார்மர், அதிலிருந்து சுமார் 20 மீட்டர் வயர், அவ்வளவுதான். 40, 20, 15, 10 ஆகிய நான்கு பேண்டுகளும் டியூனர் (ரிக்கையும் ஆன்டெனாவையும் பொருத்திவைக்கும் பெட்டி) இல்லாமல் கிடைக்கும். முதல் ஆன்டெனாவாக இதையே பரிந்துரைப்போம். கீழே விரிவாக வருவதும் இதுதான்.

கால் அலை வெர்ட்டிகல்: இழுத்து நீட்டும் உலோகக் கம்பி (விப்), அதன் அடியிலிருந்து தரையில் பல பக்கமும் விரியும் ரேடியல் வயர்கள். இடம் குறைவாக இருந்தாலும் போதும். தொலைதூரத்துக்கு நல்லது, பக்கத்து ஊர்களுக்கு ஆகாது.

அடியில் காயில் (கம்பிச்சுருள்) வைத்த குட்டை விப்: பையில் அடங்கும், விளம்பரமும் அழகாக இருக்கும். 40 மீட்டரில் ஒன்றரை மீட்டர் விப்புக்குப் போகும் சக்தியில் பெரும்பகுதி காயிலிலும் தரையிலும் சூடாகிவிடும். 5 வாட்டில் எஸ்எஸ்பி (குரல்) முறையில் பேச இதை நம்பிக் கிளம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

4. எண்ட்-ஃபெட் டிரான்ஸ்ஃபார்மர் செய்வது

அரை அலை வயரின் முனையில் மின்மறுப்பு 2,500 ஓம் அளவில் இருக்கும். ரிக் எதிர்பார்ப்பது 50 ஓம். 2,450-ஐ 50-ஆகக் குறைக்க 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சுற்று விகிதத்தின் வர்க்கம்தான் மின்மறுப்பு விகிதம். அதனால் 14 சுற்றுக்கு 2 சுற்று, ஏழின் வர்க்கம் 49.

வேண்டியவை: எஃப்டி140-43 டொராய்டு (ஃபெரைட் வளையம்) ஒன்று, 0.8 முதல் 1 மில்லிமீட்டர் எனாமல் செம்புக்கம்பி ஒரு மீட்டர், 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் (1 கிலோவோல்ட் அல்லது அதற்கு மேல்), கேபிள் மாட்ட பிஎன்சி சாக்கெட், சின்ன பிளாஸ்டிக் பெட்டி, துருப்பிடிக்காத போல்ட்டும் சிறகு நட்டும். 100 வாட் அனுப்புவதாக இருந்தால் எஃப்டி240-43 வாங்குங்கள். சின்ன டொராய்டு எஸ்எஸ்பியில் தாங்கும் சக்தியை எஃப்டி8 என்னும் கணினிவழிச் செய்தி முறையில் தாங்காது. எஃப்டி8-இல் ஒவ்வொரு முறையும் 12 நொடிக்கு மேல் முழுச்சக்தி தொடர்ந்து போகிறது, ஆறுவதற்கு நேரமில்லை.

கம்பியை ஒரே துண்டாக 14 சுற்று சுற்றுங்கள். கம்பி ஓட்டைக்குள் ஒருமுறை நுழைந்தால் அது ஒரு சுற்று. வெளிப்பக்கம் எண்ணி 13-இலோ 15-இலோ நிறுத்துவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. ஆரம்ப முனை பிஎன்சியின் வெளிக்கூட்டுக்கு. இரண்டாம் சுற்று முடியும் இடத்தில் எனாமலைச் சுரண்டி ஒரு கிளை எடுத்து பிஎன்சியின் நடு ஊசிக்கு. கடைசி முனை சிறகு நட்டுக்கு. கெப்பாசிட்டரை நடு ஊசிக்கும் வெளிக்கூட்டுக்கும் குறுக்கே வையுங்கள். அது இல்லாவிட்டாலும் 40 மீட்டரில் வித்தியாசம் தெரியாது. 15, 10 மீட்டர் பேண்டுகளில்தான் எஸ்டபிள்யூஆர் (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு; 1 என்றால் திரும்புவதே இல்லை) ஏறிக்கொள்ளும்.

எனாமலைப் பளபளவென்று செம்பு தெரியும்வரை சுரண்டாமல் ஈயம் வைத்தால், பற்ற வைத்தது போலவே தோன்றும், தொடர்பு இருக்காது. மல்டிமீட்டரில் சோதித்துவிட்டே பெட்டியை மூடுங்கள்.

வயர் கட்டும் முன் இன்னொரு சோதனை. சிறகு நட்டுக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே 2.2 கிலோஓம், 240 ஓம் ரெசிஸ்டர்களை வரிசையாக இணைத்து நானோவிஎன்ஏவில் (எஸ்டபிள்யூஆரை அதிர்வெண் வாரியாக வரைந்து காட்டும் கையடக்கக் கருவி) பாருங்கள். 7 முதல் 21 மெகாஹெர்ட்ஸ் வரை எஸ்டபிள்யூஆர் 1.5-ஐ ஒட்டி இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் சரி. இதைச் செய்துவிட்டால், பிறகு களத்தில் எது தப்பினாலும் சந்தேகப்பட ஒரு பொருள் குறைந்துவிடும்.

5. வயரின் நீளம்

மீட்டரில் அரை அலை நீளம் என்பது 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வருவது. 7.05-க்கு 20.28 மீட்டர். ஆனால் 21 மீட்டர் வெட்டுங்கள். பிவிசி உறை போட்ட வயரில் அலை கொஞ்சம் மெதுவாகப் போவதால் கடைசியில் நிற்கும் நீளம் கணக்கைவிடச் சில சதவீதம் குறையும். எவ்வளவு என்பது உறையைப் பொறுத்தது. குறைப்பது எளிது, கூட்டுவதற்கு ஒட்டுப் போட வேண்டும்.

எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் 0.5 சதுர மில்லிமீட்டர் பல இழை வயரே போதும். ஒற்றை இழைக் கம்பி நாலு முறை சுற்றிப் பிரித்தால் முறியும்.

40 மீட்டரை 7.1-இல் நடுவாக அமைக்கத் தோன்றும். செய்யாதீர்கள், 7.03-க்கும் 7.05-க்கும் இடையில் அமையுங்கள். வயரின் இரண்டாவது ஒத்ததிர்வு சரியாக இரட்டிப்பில் விழாது, கொஞ்சம் மேலே விழும். 7.1-இல் வைத்தால் 20 மீட்டர் பேண்டின் பள்ளம் (எஸ்டபிள்யூஆர் மிகவும் தாழும் இடம்) 14.35-ஐத் தாண்டிப் பேண்டுக்கு வெளியே போய்விடும். இந்தியாவில் 40 மீட்டர் பேண்டு 7.000 முதல் 7.200 வரைதான். கீழ்ப்பக்கம் அமைத்தாலும் மேல்முனை வரை எஸ்டபிள்யூஆர் தாங்கக்கூடிய அளவிலேயே இருக்கும்.

6. தூக்கிக் கட்டுவது

கம்பு ஃபைபர் கிளாஸாக இருக்க வேண்டும். தூண்டில் கடையில் கார்பன் கம்பும் விற்கும். அது லேசானது, ஆனால் மின்சாரம் கடத்தும், ஆன்டெனாவைக் கெடுக்கும். விளம்பரத்தில் 10 மீட்டர் என்று போட்டிருக்கும் கம்பின் மேல் இரண்டு கண்ணிகள் (ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் துண்டுகள்) வயரின் எடைக்கே வளைந்துவிடும். அவற்றை இழுக்காமல் விட்டால் உயரம் குறைந்தாலும் கம்பு நிமிர்ந்து நிற்கும். தோட்டத்தில் என்றால் காய்ந்த மூங்கிலோ சவுக்குக் கம்போ இதே வேலையைச் செய்யும்.

அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் மூன்று கயிறு கட்டி, 120 பாகை இடைவெளியில் முளை அடியுங்கள். முதலில் ஒரு கயிறு, பிறகு எதிரில் இரண்டு. இரண்டு கயிற்றோடு நிறுத்திக்கொண்டால் காற்று மூன்றாவது பக்கத்தைக் கண்டுபிடித்துவிடும்.

மரம் கிடைத்தால் இன்னும் நல்லது. வேம்பு, புளி, புங்கன் எல்லாம் சரி. தென்னையிலும் பனையிலும் கயிறு தொங்கக் கிளை கிடையாது. கயிறு எறிய, பாதி தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில் நல்ல எடை. கல்லைக் கட்டினால் நழுவும், யார் தலையிலாவது விழும். மெல்லிய நைலான் நூலை எறிந்து, அதில் கயிற்றைக் கட்டி இழுங்கள். மரம் காற்றில் ஆடும், அதனால் வயரை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

தலைகீழ் ‘வி’ வடிவத்துக்குக் கணக்கு இது: உச்சி 7 மீட்டர், இரு முனைகளும் 2 மீட்டர் உயரம், ஒவ்வொரு கையும் 10 மீட்டர். உச்சிக் கோணம் 120 பாகையாகவும், தரையில் தேவைப்படும் நீளம் சுமார் 17.3 மீட்டராகவும் வரும். முனைகளை இதற்கும் கீழே இறக்கினால் தரை சக்தியைத் தின்னும். ஆட்கள் கையும் படும். 20 வாட்டுக்கே வயர் முனையில் 220 வோல்ட் அளவில் இருக்கும், 100 வாட்டுக்கு 500-ஐ நெருங்கும். தொட்டால் தோல் பொசுங்கும். குழந்தைகளும் ஆடுமாடும் வருகிற இடத்தில் முனையில் ஒரு வண்ணத் துணியைக் கட்டிவிடுங்கள்.

7. கேபிளும் சோக்கும்

வயருக்குள் போகும் மின்னோட்டத்துக்கு ஈடாக இன்னொரு பக்கம் ஏதாவது வேண்டும். எண்ட்-ஃபெட்டில் அந்த வேலையைக் கேபிளின் வெளிக்கூடு செய்கிறது. இது புரியாமல் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டியே சோக் (வெளிக்கூட்டில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) போட்டுவிடுகிறவர்கள் பலர். ஈடு செய்ய எதுவும் இல்லாமல் போவதால் எஸ்டபிள்யூஆர் நிலைகொள்ளாமல் ஆடும்.

வெளிக்கூட்டில் 2 மீட்டர் வயரைத் தொங்கவிட்டு, கேபிளில் 2, 3 மீட்டர் தள்ளி அல்லது ரிக் பக்கத்தில் சோக் போடுங்கள். எஃப்டி140-43 டொராய்டில் ஆர்ஜி-316 அல்லது ஆர்ஜி-174 என்னும் மெல்லிய கேபிளை 10 முதல் 12 சுற்று. தடித்த ஆர்ஜி-58 என்றால் பெரிய எஃப்டி240 வேண்டும், சின்னதில் முறுக்கி நுழைத்தால் கேபிள் நசுங்கும். பேசும்போது மைக் உதட்டில் சுரீரென்று கடிக்கிறதா, லேப்டாப்பின் யுஎஸ்பி துண்டிக்கிறதா? சோக் இல்லை, அல்லது போதவில்லை.

கேபிள் நீளம் 10 மீட்டருக்குள் வையுங்கள். 10 மெகாஹெர்ட்ஸ் அளவில் 10 மீட்டர் ஆர்ஜி-58 அரை டெசிபல் தின்னும், ஆர்ஜி-174 ஒரு டெசிபலுக்கு மேல். மலையேறுகிறவர்கள் எடை கருதி மெல்லியதை எடுத்துப்போவதில் தப்பில்லை. விஎச்எஃப்புக்கு மட்டும் அதை எடுக்காதீர்கள்.

8. களத்தில் சரிசெய்வது

வீட்டு மாடியில் சரிசெய்த நீளம் களத்தில் அப்படியே வராது. உயரமும் தரையின் ஈரமும் மாறினால் ஒத்ததிர்வும் மாறும். கட்டி முடித்த பிறகு, இயக்கப்போகும் உயரத்திலேயே அளவெடுங்கள்.

நானோவிஎன்ஏவை 6.5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸுக்கு அமைத்து, திறந்த முனை, குறுக்கிணைப்பு, 50 ஓம் மூன்றையும் வைத்து காலிபரேஷன் முடித்து, பிறகு கேபிளை மாட்டுங்கள். அது மாட்டியிருக்கும்போது தவறியும் ரிக்கின் பிடிடியை (பேசுவதற்கான பொத்தானை) அழுத்தக் கூடாது. ஒரே அழுத்தில் கருவி போய்விடும்.

பள்ளம் விரும்பிய இடத்துக்குக் கீழே இருந்தால் வயர் நீளம், மேலே இருந்தால் குட்டை. எவ்வளவு என்பதற்கு ஊகம் வேண்டாம். இருக்கும் நீளத்தைக் காட்டும் அதிர்வெண்ணால் பெருக்கி, வேண்டிய அதிர்வெண்ணால் வகுங்கள். 21 மீட்டர் வயர் 6.80-இல் பள்ளம் காட்டுகிறது, 7.04 வேண்டும் என்றால் 21 × 6.80 ÷ 7.04 = 20.28. குறைக்க வேண்டியது 72 சென்டிமீட்டர். அதை வெட்டாமல் முனையில் மடித்து, வயரோடு ஒட்டித் திருகிக் கட்டுங்கள். அடுத்த இடத்தில் தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாம்.

40 மீட்டரை முதலில் முடியுங்கள். அதில் செய்யும் மாற்றம் மற்ற மூன்று பேண்டுகளையும் நகர்த்தும். 20-இலிருந்து ஆரம்பித்தால் மாலைவரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எஸ்டபிள்யூஆர் 1.5 வந்துவிட்டால் கையைக் கட்டுங்கள். 1.1-ஐத் துரத்தி யாருக்கும் ஒரு சிக்னல் கூடுதலாகப் போனதில்லை. எஸ்டபிள்யூஆர் குறைவாக இருப்பதாலேயே ஆன்டெனா நல்லது என்றும் ஆகாது, டம்மி லோடு (சக்தியை வெறும் சூடாக்கும் 50 ஓம் ரெசிஸ்டர்) எல்லா பேண்டிலும் 1 காட்டும். 7 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை பள்ளமே இல்லாமல் தட்டையாக நல்ல எண் வந்தால் மகிழாதீர்கள், எங்கோ சக்தி சூடாகிறது. ஒழுங்கான வயர் ஆன்டெனா கூர்மையான பள்ளங்களைக் காட்டும்.

9. வெர்ட்டிகல் வைப்பவர்களுக்கு

14.2 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 5.02 மீட்டர். ஐந்தரை மீட்டர் விப்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் அமைந்துவிடும். வெற்றியும் தோல்வியும் ரேடியலில்தான். தரையில் கிடக்கும் ரேடியலுக்கு நீளம் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை, எண்ணிக்கைதான் முக்கியம். ஐந்து மீட்டரில் இரண்டைவிட மூன்று மீட்டரில் எட்டு மேல். தரையை விட்டு ஒரு மீட்டர் தூக்கிக் கட்டுவதானால் இரண்டே போதும், ஆனால் இரண்டையும் கால் அலை நீளத்துக்குச் சரியாக வெட்ட வேண்டும்.

ரேடியல் கூட்டக் கூட எஸ்டபிள்யூஆர் 1.1-இலிருந்து 1.4-க்கு ஏறும். பயந்துபோய் ரேடியலைக் கழற்றுகிறவர்கள் உண்டு. தரை இழப்பு குறைவதால் மின்மறுப்பு 36 ஓமை நோக்கி இறங்குகிறது. அந்த ஏற்றம் நல்ல அறிகுறி.

கடற்கரைதான் வெர்ட்டிகலுக்கு மாமியார் வீட்டு உபசாரம். உப்புநீர் தாழ்ந்த கோணக் கதிர்வீச்சை வலுவாக்கும், கடலை நோக்கிய திசையில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அலை தொடும் ஈர மணலை ஒட்டி வையுங்கள், நூறு மீட்டர் பின்வாங்கினால் பலன் பெரிதும் போய்விடும். வீடு திரும்பியதும் விப்பையும் இணைப்புகளையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்பு ஒரே வாரத்தில் கண்ணிகளைப் பிடித்துக்கொள்ளும்.

10. 2 மீட்டர் பேண்டு, சுருக்கமாக

கைப்பேசி அளவு ரேடியோவின் ரப்பர் ஆன்டெனாவோடு மலைக்குப் போகிறவர்கள், 49 சென்டிமீட்டர் வயர் ஒன்றை ஆன்டெனா இணைப்பின் வெளிவளையத்தில் மாட்டித் தொங்கவிடுங்கள். காசே இல்லாத முன்னேற்றம் இது. அதற்கு மேல் வேண்டுமென்றால் 300 ஓம் டிவி ரிப்பனில் செய்த ஜே-போல் (ஜே வடிவ ஆன்டெனா), சுருட்டிப் பையில் போடலாம். குறிப்பிட்ட திசை என்றால் இரும்பு அளவு நாடாவை வெட்டி பிவிசி குழாயில் கட்டும் மூன்று உறுப்பு யாகி (ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனா). எஃப்எம் ரிப்பீட்டருக்கு (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) யாகியின் உறுப்புகள் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். படுக்கையாகப் பிடித்துவிட்டு யாகி சரியில்லை என்பவர்களைப் பார்க்கலாம்.

11. தப்பினால் எங்கே பார்ப்பது

எங்குமே பள்ளம் இல்லை: சிறகு நட்டு, பிஎன்சி, கேபிளின் முனை. இந்த வரிசையில் பாருங்கள், வயர் உறைக்குள் முறிந்திருப்பது அபூர்வம்.

கேபிளைத் தொட்டால் எண் மாறுகிறது: 7-ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

5 வாட்டில் சரி, 50 வாட்டில் அரை நிமிடத்தில் எஸ்டபிள்யூஆர் ஏறுகிறது: டொராய்டு சூடாகிறது, அல்லது கெப்பாசிட்டரின் வோல்ட் போதவில்லை. சக்தியை நிறுத்தி, கேபிளைக் கழற்றிய பிறகு பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் பெரிய டொராய்டுக்கு மாறுங்கள்.

இரைச்சல் அதிகம்: சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், எல்இடி விளக்கு, லேப்டாப் சார்ஜர். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் மின்கம்பியிலிருந்து வருகிறது, இடம் மாறுவதைத் தவிர வழியில்லை.

எல்லோரும் கேட்கிறார்கள், நமக்கு மட்டும் பதில் இல்லை: 10 வாட்டில் சிக்யூ (யாராவது பேசுங்கள் என்ற பொது அழைப்பு) கூப்பிட்டுக்கொண்டிருப்பதைவிட, வலுவாகக் கேட்கும் ஒருவர் அழைத்து முடிக்கும்போது பதில் கொடுங்கள்.

12. கழற்றுவது

கட்டியதற்கு நேர் எதிர் வரிசை: முதலில் ரிக்கிலிருந்து கேபிள், பிறகு வயரின் முனைகள், கடைசியில் கம்பின் கயிறுகள். கயிற்றை முதலில் அவிழ்த்தால் கம்பு வயரை இழுத்துக்கொண்டு விழும்.

வயரை முழங்கையில் சுற்றாதீர்கள், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறுக்கு ஏறி அடுத்த முறை பிரிக்கும்போது சிக்காகும். அட்டையிலோ பலகையிலோ எட்டு வடிவத்தில் சுற்றினால் முறுக்கு தானே கழியும். டிரான்ஸ்ஃபார்மர் பக்க முனை வெளியே இருக்கும்படி முடியுங்கள், அடுத்த முறை அதுதான் முதலில் வேண்டும்.

கம்பின் கண்ணி இறுகிக்கொண்டால் கல்லால் தட்டக் கூடாது, ஃபைபர் நார்நாராகப் பிளக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் துணி வைத்துப் பிடித்து, இழுக்காமல் திருகுங்கள். அசையாவிட்டால், கம்பை நிமிர்த்திப் பிடித்து அடிமூடியைக் கழற்றி, ஒரு மரப்பலகையின் மேல் லேசாகக் குத்துங்கள், உள்ளே இறங்கும். மண் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு மூடுங்கள். அடுத்த முறை கண்ணி இறுகுவது பெரும்பாலும் அந்த மண்ணால்தான்.